பிளாக்கியிடம் சொன்னது

மதுரை ஆனையூரில் போய் வெள்ளைத்துரை வீடு எது என்று விசாரித்தால், "எந்தப் பாதி?" என்றுதான் திருப்பிக் கேட்பார்கள். வீடு ஒன்று, நடுவில் ஒரு சுவர். தெற்குப் பாதி வெள்ளைத்துரைக்கு, வடக்குப் பாதி அண்ணன் கருத்தக்கண்ணனுக்கு. பேர் வைக்கும்போதே அப்பன் பாகம் பிரித்துவிட்டான் என்று தெருவில் ஒருவன் கேலி பேசினான். அண்ணன் தம்பி இரண்டு பேரும் அவனோடு சண்டைக்குப் போனார்கள், தனித்தனியாக.

சுவர் எழுந்த கதை வாடிப்பட்டிப் பக்கம் இருந்த நிலத்தை விற்றதில் ஆரம்பித்தது. அதைக் கேட்டால் இரண்டு பாதியிலும் இரண்டு கதை சொல்வார்கள், விட்டுவிடலாம். மாடிப்படி அண்ணனுக்குப் போனது. முன்வாசல் தம்பிக்கு வந்தது. முருங்கைமரம் நின்ற இடம் அண்ணனுடையது, கிளை சாய்ந்த இடம் தம்பியுடையது. ஆகவே காய்க்கிற காலமெல்லாம் சண்டையும் காய்த்தது. பெற்ற ஆத்தாளையும் விடவில்லை, ஆறு மாசம் அந்தப் பக்கம், ஆறு மாசம் இந்தப் பக்கம் என்று பிரித்துக்கொண்டார்கள். தண்ணீரைத்தான் பிரிக்க முடியவில்லை. போர்க்குழாய் அண்ணன் பக்கம் கிடந்தது. மொட்டைமாடியில் ஒரே மேல்தொட்டி, அதிலிருந்து இரண்டு பக்கமும் குழாய் இறங்கியது.

இரண்டு பாதிக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. ஆனால் ஒரே கூரைக்குக் கீழே இருந்துகொண்டு எதையுமே சொல்லாமல் இருக்க முடியுமா? மோட்டார் ரிப்பேர் என்று சொல்ல வேண்டும், சாக்கடை அடைத்துக்கொண்டது என்று சொல்ல வேண்டும். அதற்கு பிளாக்கி இருந்தது. அது கருத்தக்கண்ணன் மனைவி சோலையம்மாள் சோறு போட்டு வளர்க்கிற நாய். சுவர் முடிகிற கொல்லைப்புறத்தில், இரண்டு பாதிக்கும் பொதுவாகப் படுத்துக் கிடக்கும். அந்தப் பக்கத்துக்கு ஏதாவது சேதி போக வேண்டும் என்றால் நாயைப் பார்த்துச் சத்தமாகத் திட்டினால் போதும். "ஏ பிளாக்கி, கரண்டு பில்லுக் கட்டாம கெடந்து இருட்டுல சாவு" என்றால், கடைசித் தேதி வந்துவிட்டது என்று அர்த்தம். ஊர்நாட்டில் கோழியை வைத்தும் கன்றுக்குட்டியை வைத்தும் பேசுகிற ஜாடைப் பேச்சுதான் இது. மதுரைக்கு வந்து வீடு கட்டியபோது அதையும் மூட்டை கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். திட்டோடு சேர்ந்துதான் சேதி வரும். திட்டு மட்டும் வருகிற நாளும் உண்டு. எது எந்த வகை என்று பிரித்துப் பார்க்கிற பொறுமை வெள்ளைத்துரைக்கு என்றைக்கும் இருந்ததில்லை.

அவருக்கு மூக்குக்கு மேல் கோபம். மூக்குக்குள்ளே பொடி. இளவட்டத்தில் பிடித்த பழக்கம், டவுனில் டூவீலர் உதிரிபாகக் கடையில் கவுண்டரில் நிற்கும்போதும் பொடிமட்டை இடுப்பில் இருக்கும். பொடி போட்டுப் போட்டு மூக்கு செத்தே போயிருந்தது. குழம்பு கருகினாலும் அவருக்குத் தெரியாது. தெருவில் அவர் சண்டை போடாத வீடு பூட்டிக் கிடக்கிற வீடு ஒன்றுதான். அந்த வீட்டுக்காரன் துபாயில் இருந்தான்.

எல்லாச் சண்டைக்கும் மூலச் சண்டை ஒன்றை அவர் வைத்திருந்தார். கடைக்கு வருகிறவர், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர், எவர் கிடைத்தாலும் அதைச் சொல்வார். "எங்க ஆத்தா அண்ணன் முறையில இருக்கும்போதுதான் செத்துச்சு. சுவத்துக்கு அந்தப் பக்கம் உசுரு போய்க்கிட்டு இருக்கு, எனக்கு ஒரு வார்த்த சொல்லிவிடல பாத்துக்கங்க. என் வீட்டுக்காரி அவுக அம்மா வீட்டுக்குப் போயிருந்தா. நான் ஒருத்தன்தான் வீட்டுல. அன்னைக்குக் காலையில எங்க மதினி கொல்லையில நின்னுக்கிட்டு, 'நல்லாத் தின்னுட்டுத் தூங்கு நாயே'ன்னு என்னயப் பேசுது. விசயத்தச் சொல்றதுக்கு வாய் வரல, வையிறதுக்கு வருது. ஒப்பாரிச் சத்தம் கேட்டுத்தான் எனக்கு ஆத்தா செத்ததே தெரியும்." கேட்டவர்கள் உச்சுக்கொட்டுவார்கள். அவர் ஒரு சிட்டிகை பொடி எடுத்துக்கொள்வார்.

மீன்தொட்டி வந்தது அதற்குப் பிறகு. மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு வீட்டில் சண்டை போட ஆள் குறைந்துபோய், ஒரு நாள் மஹபூப்பாளையத்தில் அல் அமீன் நடத்துகிற மீன் கடை முன்னால் நின்றார். நின்றவர் மூன்றடிக் கண்ணாடித் தொட்டியோடு வந்தார். மீன் வளர்ப்பு சாதுவான வேலை என்று நினைக்கிறவர்கள் வளர்க்காதவர்கள். முதல் மாதமே மீன்கள் ஒவ்வொன்றாக மிதந்தன. செத்த மீன்களைக் கேரிபேக்கில் போட்டு எடுத்துக்கொண்டு, கடைக்காரனை ஒரு கை பார்ப்பது என்று போய் இறங்கினார்.

அல் அமீன் பையை வாங்கிப் பார்த்துவிட்டு, "ஃபில்டர் பஞ்ச எதுலண்ணே கழுவுனீங்க?" என்று கேட்டான்.

"குழாயில. சோப்புப் போட்டு. சும்மா வெள்ள வெளேர்னு வச்சிருக்கேன்."

"அந்த அழுக்குல தாண்ணே நல்ல கிருமி இருக்கும். மீனு பேண்டது மோண்டது அம்புட்டும் விஷமாகும். அதத் தின்னு தீக்குறது அந்தக் கிருமிதான். நீங்க அதச் சோப்புப் போட்டுக் கொன்னுட்டு வந்து எங்கூடச் சண்ட போடுறீங்க. தொட்டித் தண்ணியிலயே அலசணும், லேசா அமுக்கி விட்டாப் போதும்."

சண்டைக்குப் போன இடத்தில் தோற்றுத் திரும்பியது அவர் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அதற்குப் பிறகு அவன் ஒருவன் சொன்னதை மட்டும் கேட்டார். மண்ணுக்குள் செடி ஊன்றினார். வாள் மாதிரி இலை விடுகிற அமேசான் செடி, கட்டையில் கட்டி வளர்க்கிற ஜாவா செடி. விளக்கை அதிக நேரம் எரியவிட்டால் பாசி பிடிக்கும் என்று அளவாகப் போட்டார். காலையில் காபிக்கு முன்னால் சின்னக் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் எடுத்துச் சொட்டு மருந்து விட்டு நிறம் பார்ப்பார். மஞ்சளாக நின்றால் நல்லது, பச்சை காட்டினால் விஷம் ஏறுகிறது. ஞாயிற்றுக்கிழமை தோறும் மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை உறிஞ்சி வெளியேற்றிவிட்டு, குளியலறைக் குழாயில் ஓஸைச் சொருகி நேராகத் தொட்டிக்குள் விடுவார்.

ஒரு பேச்சை மட்டும் கேட்கவில்லை. "ஆன்ட்டி குளோரின் ஒரு பாட்டில் வீட்டுல கெடக்கட்டும்ணே, தண்ணியில இருக்குற குளோரின முறிச்சிரும்" என்று அல் அமீன் பல தடவை சொன்னான். "குளோரின்லாம் கார்ப்பரேசன் தண்ணி குடிக்கிறவனுக்கு, பாய். எங்களது போர்த்தண்ணி" என்று வாங்காமல் வந்தார். அண்ணன் பக்கத்துப் போராக இருந்தாலும் பெருமையடிக்கும்போது எங்களது.

அந்தத் தொட்டியில் ஒரு ஜோடி ஏஞ்சல் மீன் இருந்தது. கறுப்புக் கோடு போட்ட, முறைத்துப் பார்க்கிற மீன்கள். இலையில் முட்டையிடும், மறுநாள் தானே தின்றுவிடும். பக்கத்தில் வருகிற சின்ன மீனையெல்லாம் விரட்டிக் கொத்தும். வெள்ளைத்துரைக்கு அவற்றை ரொம்பப் பிடித்தது. அந்தக் கார்த்திகையில்தான் முதல் தடவையாக முட்டையைத் தின்னாமல் காவல் இருந்தன. குஞ்சுகள் இலையிலிருந்து பிரிந்து கூட்டமாக நீந்த ஆரம்பித்ததும் வெள்ளைத்துரை ஸ்டூலைப் போட்டு எதிரிலேயே உட்கார்ந்துகொண்டார்.

"பெத்த மகளுக்குக் காய்ச்சல்னப்பக்கூட நீங்க இப்பிடி ஒக்காரல" என்றாள் அவர் மனைவி பாண்டீஸ்வரி.

அந்த வீட்டில் பங்கு கேட்க ஆளில்லாத பொருள் அந்தத் தொட்டி ஒன்றுதான். மற்றதை எல்லாம் தொட்டால் ஒரு வழக்கு வரும், நினைத்தால் ஒரு வசவு வரும். அந்தக் கண்ணாடிக்குள்ளே இருப்பது முழுக்க அவருடையது. அதைக் கண்ணில் வைத்துக் காத்தார்.

அடுத்த வாரம் அண்ணன் வீட்டில் பேரனுக்குக் காதுகுத்து. தம்பிக்கு அழைப்பு இல்லை, இருந்தாலும் போயிருக்க மாட்டார். ஆனால் சாமியானா பந்தல் கம்பு வந்து இறங்கியதையும், சொந்தக்காரர்கள் வண்டி விட இடம் ஒதுக்கியதையும் பார்த்துப் பார்த்து வயிறு எரிந்துகொண்டிருந்தார். அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை காலையில் பாண்டீஸ்வரி கறி எடுக்கப் போயிருந்தாள். வெள்ளைத்துரை பழைய தண்ணீரை உறிஞ்சி வெளியேற்றிக்கொண்டிருந்தார். கொல்லையில் சோலையம்மாள் குரல் கேட்டது. வழக்கத்தைவிட ஓங்கிய குரல்.

"ஏ பிளாக்கி, மேல்தொட்டியில பிளீச்சிங் பவுடர் போடப் போறோம். சாயந்தரம் கழுவி விடுற வரைக்கும் ஊறும். புடிக்கிறதா இருந்தா இப்பவே புடிச்சு வச்சுக்க. அப்பறம் வாய வச்சு நக்கிப்புட்டு நொர தள்ளிச் செத்துத் தொலையாத, நாயே."

வெள்ளைத்துரைக்கு 'நக்கி' வரைக்கும் கேட்கவே தேவையில்லை, பிளாக்கி என்றதுமே ரத்தம் தலைக்கு ஏறிவிடும். விசேஷ வீட்டுத் திமிர், காலங்காலையில் செத்துத் தொலை என்கிறாள் என்று பட்டது. கோபம் வந்தால் அவர் குழாயைத் திறப்பார். மோட்டார் ஓட ஓட அண்ணனுக்குத்தானே கரண்டு பில். அன்றைக்கு மூன்றில் ஒரு பங்கோடு நிறுத்தவில்லை, வீம்புக்குப் பாதிக்கு மேல் தண்ணீரை வெளியேற்றினார். "நாயி குடிக்கிற தண்ணியத்தான்டா நாங்களும் குடிக்கிறோம்" என்று சுவரைப் பார்த்துக் கத்திவிட்டு, முகம் கழுவி, பொடி போட்டு, டிவியைச் சத்தமாக வைத்து, ஆற அமர ஒரு பட்டிமன்றத்தை முக்கால்வாசி பார்த்தார். பிறகு எழுந்து போய் ஓஸைச் சொருகிக் குழாயை முழுசாகத் திறந்துவிட்டு மறுபடி வந்து உட்கார்ந்தார்.

பாண்டீஸ்வரி வாசலில் செருப்பைக் கழற்றும்போதே முந்தானையால் மூக்கைப் பொத்தினாள்.

"என்னங்க இது, வீடெல்லாம் பிளீச்சிங் நாத்தம்? கண்ணு எரியுது."

"என்ன நாத்தம்? எனக்கு ஒண்ணும் வரல."

"உங்களுக்கு என்னைக்கு வந்துச்சு?" என்றவள் தொட்டியைப் பார்த்தாள். "ஏங்க, மீனப் பாருங்க."

குஞ்சுக் கூட்டத்தைக் காணவில்லை. நன்றாகக் குனிந்து பார்த்தால் இலைகளின் மேல் வெள்ளைத் தூசியாகக் கிடந்தது. சின்ன மீன்கள் கண்ணாடியில் மோதி மோதித் திரும்பின. ஏஞ்சல் இரண்டும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின, செவுள் ரத்தமாகச் சிவந்து விரிந்திருந்தது. வெள்ளைத்துரை ஓஸைப் பிடுங்கி எறிந்தார். அல் அமீனுக்கு போன் போட்டு விஷயத்தைச் சொன்னார்.

"ஆன்ட்டி குளோரின் இருக்காண்ணே?"

"இல்ல."

அவன் சொல்லிக் காட்டவில்லை. "கடைக்கு வந்து வாங்கிட்டுப் போற வரைக்கும் தாங்காது. மருந்து படாத தண்ணி ரெண்டு மூணு குடம் இருக்கா? டப்புல ஊத்தி மீன மாத்துங்க, காத்து மோட்டார அதுல போடுங்க. சீக்கிரம்ணே. கார்ப்பரேசன் தண்ணி வேணாம், அதுலயும் குளோரின்."

கேன் தண்ணீர் அடியில் இரண்டு செம்பு தேறும். தெருவில் எல்லா வீட்டிலும் கார்ப்பரேஷன் குழாய். மருந்து படாத தண்ணீர் எங்கே இருக்கும் என்று யோசிக்க வேண்டியதே இல்லை. மருந்து போட்டவள் அதற்கு முன்னால் பிடித்து வைத்திருப்பாள்.

"நான் போய்க் கேக்குறேன்" என்று பாண்டீஸ்வரி குடத்தை எடுத்தாள்.

"நீ போகாத. என் வீட்டுல இருந்து எவளும் அங்க கையேந்தக் கூடாது."

"அப்ப சாகட்டும்" என்று அவள் குடத்தை அவர் காலடியில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

பெண் ஏஞ்சல் ஒருக்களித்துச் சாய்ந்தது. அவர் அதைப் பார்த்தார், குடத்தைப் பார்த்தார். தண்ணியில் விஷத்தைக் கலந்த விஷக்காரியிடமே தண்ணி கேட்பதா என்று உடம்பெல்லாம் எரிந்தது. எரிந்தபடியே அந்தக் குடத்தோடு இன்னொன்றையும் தூக்கிக்கொண்டு கொல்லைக்குப் போனார்.

சுவர் முடிகிற இடத்தில் பிளாக்கி படுத்திருந்தது. அந்தப் பக்கம் நிறைய நீல டிரம்கள், மூடி போட்டு வரிசையாக. சோலையம்மாள் விசேஷத்துக்கு அண்டா விளக்கிக்கொண்டிருந்தாள். கருத்தக்கண்ணன் பிளாஸ்டிக் நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். தம்பியின் தலை தெரிந்ததும் பேப்பரை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டார்.

"ஏ பிளாக்கி" என்று ஆரம்பித்தார் வெள்ளைத்துரை. வசவு எத்தனையோ வரும், கேட்பதற்கு என்ன சொல்வது என்று வரவில்லை. "இங்க வந்து... தண்ணி வந்து..." நாய் காதைக்கூட அசைக்கவில்லை. அங்கே ஒவ்வொரு நொடிக்கும் ஒரு மீன் போய்க்கொண்டிருக்கும்.

"மதினி" என்றார்.

அண்டா விளக்குகிற சத்தம் நின்றது. பேப்பர் இறங்கியது.

"மருந்து படாத தண்ணி ரெண்டு குடம் வேணும். மீனு சாகுது."

சோலையம்மாள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கையைக் கழுவிவிட்டு எழுந்து வந்து குடங்களை வாங்கிக்கொண்டு போனாள். டிரம் மூடியைத் திறந்து மொண்டு நிறைத்து, சுவரோரம் கொண்டுவந்து வைத்தாள். கேட்காமலேயே தன் குடத்திலும் ஒன்று நிறைத்து வைத்தாள். கருத்தக்கண்ணன் மறுபடி உயர்த்திய பேப்பருக்குப் பின்னாலிருந்து, "எவர்சில்வர் கொடம் திரும்பி வரணும்னு சொல்லு" என்றார். யாரிடம் சொல்லச் சொன்னார் என்று தெரியவில்லை.

டப்பில் ஊற்றி, வலையில் அள்ளி, காற்றுக் குழாயைப் போட்டு, வெள்ளைத்துரை தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். சின்ன மீன்களில் பாதிக்கு மேல் போயின. குஞ்சு ஒன்றுகூடத் தப்பவில்லை. ஏஞ்சல் இரண்டும் டப்பின் அடியில் ஒன்றையொன்று உரசிக்கொண்டு கிடந்தன. பொழுது சாயும்போது செவுள் அடிப்பது நிதானப்பட்டது. பெண் மீன் நிமிர்ந்தது.

போனில் அல் அமீன், "பொழைச்சுக்கும்ணே" என்றான். "ஆனா ஃபில்டர்ல இருந்த கிருமியும் செத்திருக்கும். மறுபடி அது ஊறி வர்ற வரைக்கும் தெனமும் தண்ணி மாத்தணும். பாட்டில நாளைக்கு வந்து வாங்கிக்கங்க. ஏண்ணே, மேல்தொட்டியில மருந்து போடுறோம்னு வீட்டுல யாரும் ஒரு வார்த்த சொல்லலையா?"

"சொல்லல" என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. சொல்லிச் சொல்லிப் பழகிய வாய். ஏனோ அப்படியே போனை வைத்துவிட்டார்.

எவர்சில்வர் குடத்தை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனார். சோலையம்மாள் நாய்க்குச் சோறு பிசைந்துகொண்டிருந்தாள். மேல்தொட்டியைக் கழுவிவிட்ட தண்ணீர் குழாய் வழியாகச் சாக்கடையில் இறங்கிக்கொண்டிருந்தது. அவர் குடத்தைச் சுவரோரம் வைத்தார். அவள் நாயின் தட்டைப் பார்த்துக்கொண்டே பேசினாள். இந்தத் தடவை சத்தம் போடவில்லை.

"ஒனக்கு எதச் சொல்லி என்ன பிளாக்கி? இன்னைக்குக் காலையிலயும் சொன்னேன். அன்னைக்குக் கெழவி கெடந்தப்பவும் இதே எடத்துல நின்னுதான் சொன்னேன். கேட்டுக்கிட்டுத்தான சன்னலச் சாத்துன."

பதிலுக்குத் திருப்பிக் கொடுப்பதில் வெள்ளைத்துரைக்கு நிகர் ஆனையூரில் கிடையாது. நாக்கில் ஏதாவது வரும் என்று நின்றார். வரவில்லை. வந்தது அந்தக் காலைதான். கொல்லைச் சன்னல், கையில் இட்லித் தட்டு, வெளியே இதே குரல். 'ஏ பிளாக்கி, கெழவிக்கு மூச்சு முட்டுது, பொழுது தாங்காது போல இருக்கு. சின்ன மகன் எங்கன்னு கேக்குது. நீ நல்லாத் தின்னுட்டுத் தூங்கு நாயே.' முழுசாகத்தான் காதில் விழுந்தது. நாயே என்றதும் சன்னலை அறைந்து சாத்தினார். அந்தக் கடைசித் துண்டை மட்டும் வைத்துக்கொண்டு, முன்னால் இருந்ததைப் போட்டுவிட்டார். பஸ்ஸிலும் கடையிலும் அந்தத் துண்டையே சொல்லிச் சொல்லி, முன்பாதி இருந்தது அவருக்கே மறந்திருந்தது. சின்ன மகன் எங்கே என்று கேட்ட ஆத்தா, ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் கிடந்தது. அவர் இந்தப் பக்கம் இட்லி தின்றுகொண்டிருந்தார்.

அவருக்குத் தன் மேல் வந்த ஆத்திரத்தை எந்தக் குழாயைத் திறந்தும் விட முடியாது. சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"சொன்னீக மதினி" என்றார். "சொல்லத்தான் செஞ்சீக."

சோலையம்மாள் குடத்தை எடுத்து உள்ளே பார்த்தாள், சேலைத் தலைப்பால் அடியைத் துடைத்தாள். "பிளாக்கி, நாளைக்குக் காலையில வெள்ளன வந்தா தண்ணி இருக்கும்" என்று நாயிடம் சொல்லிவிட்டு, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.